ஊரில் எத்தனை பேருக்குச் சளிக்காய்ச்சல் வைரஸ் இருக்கிறது? கணக்கெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் தமிழ்நாடு முழுக்க 888 இடங்களைத் தேர்ந்தெடுத்து, இடத்துக்கு 30 பேர் வீதம் 26,640 பெரியவர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொரோனா வந்து போனதற்கான ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம், 31.6 சதவீதம் பேருக்கு இருந்தது. மாநில மக்கள்தொகைக்குக் கணக்குப் போட்டால் குறைந்தது 2 கோடியே 26 லட்சம் பேர். அதுவரை பரிசோதனையில் உறுதியானவர்கள் என்று அறிக்கையில் இருந்த எண்ணிக்கையைப்போல இது ஏறத்தாழ 36 மடங்கு.

தினமும் மாலையில் தொலைக்காட்சியில் நாம் பார்த்துக்கொண்டிருந்த எண் பொய் இல்லை. பரிசோதனைக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று இருந்தது என்பதை அது சரியாகவே சொன்னது. வராதவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். ஒரு வைரஸ் ஊரில் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை அந்த வராதவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களைத் தேடிப் போய்க் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கத்து ஒரு கிராமமானாலும், மாநகராட்சியின் ஒரு வார்டானாலும், ஒரு கல்லூரி விடுதியானாலும் முறை அதேதான்.

ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்கள், குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ஆசிரியர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அறிகுறிகளைக் கேட்டு எழுதும் கணக்கெடுப்பை நீங்களே முறையாகச் செய்ய முடியும். மூக்கில் குச்சி விடுவதும் ரத்தம் எடுப்பதும் சுகாதாரத் துறையோ மருத்துவக் கல்லூரியோ நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு செய்ய வேண்டியவை. அதில் உங்கள் பங்கு வீடு வீடாக வழிகாட்டுவது. கணக்கு என்று பயப்பட வேண்டாம், கூட்டல், பெருக்கல், வகுத்தலுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

படி 1: எந்த எண் வேண்டும்?

"எத்தனை பேருக்கு இருக்கு?" என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இன்றைய தேதியில் வைரஸோடு இருப்பவர்கள் எத்தனை சதவீதம் என்பது ஒன்று. இதைப் பரவல் விகிதம் என்போம். இந்த வாரத்தில் புதிதாகத் தொற்றியவர்கள் எத்தனை பேர் என்பது இரண்டாவது. இதுவரை ஒருமுறையாவது தொற்றி மீண்டவர்கள் எத்தனை சதவீதம் என்பது மூன்றாவது. இதை ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதல் இரண்டுக்கும் நேரான உறவு உண்டு. 10,000 பேர் உள்ள ஊரில் நாளுக்குப் புதிதாக 100 பேருக்குத் தொற்றுகிறது, ஒவ்வொருவர் உடம்பிலும் வைரஸ் 7 நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் ஏறத்தாழ 700 பேர், அதாவது 7 சதவீதம் பேர் வைரஸோடு இருப்பார்கள். அதே வேகத்தில் தொற்றும் இன்னொரு வைரஸ் 14 நாள் தங்கினால் 14 சதவீதம். ஆகவே பரவல் விகிதம் கூடியிருக்கிறது என்றால் வைரஸ் வேகமாகப் பரவுகிறது என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் இன்னொரு சிக்கல், நோய் தீர்ந்து சில வாரங்கள் ஆனபிறகும் சிலருக்கு வைரஸின் சிதைந்த துணுக்குகள் தென்படும். அவர்கள் பாசிட்டிவ்தான், ஆனால் பரப்புகிறவர்கள் இல்லை.

மூன்றாவது எண்ணைப் படிக்கும்போது தடுப்பூசியை மறக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு தழுவி நடத்திய கணக்கெடுப்புகளில் ஆன்டிபாடி இருந்தவர்கள் 2020 மே–ஜூனில் 0.73 சதவீதம், 2020 டிசம்பர்–2021 ஜனவரியில் 24.1 சதவீதம், 2021 ஜூன்–ஜூலையில் 67.6 சதவீதம். கடைசி எண்ணில் நோய் வந்தவர்களும் ஊசி போட்டவர்களும் கலந்திருக்கிறார்கள். கோவிஷீல்டு, வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள்புரதத்துக்கு (ஸ்பைக்) மட்டுமே ஆன்டிபாடி உண்டாக்கும். எனவே வைரஸின் உள்ளே இருக்கும் உட்கருப் புரதத்துக்கான (நியூக்ளியோகேப்சிட்) ஆன்டிபாடியைத் தனியாகப் பார்த்துப் பிரித்துவிடலாம். கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ், அதைப் போட்டவர்களிடம் இரண்டும் இருக்கலாம். அங்கே பிரிப்பது கடினம்.

ஊரளவில் முதல்முறை இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடந்த 10 நாளில் சளிக்காய்ச்சல் அறிகுறி இருந்தவர்கள் எத்தனை சதவீதம் என்ற எண்ணோடு தொடங்குங்கள். அதைச் செலவில்லாமல் எடுக்கலாம், திரும்பத் திரும்பவும் எடுக்கலாம்.

படி 2: யாரைக் கணக்கில் சேர்ப்பது?

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை எளிமையானது. 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி 10 நாளுக்குள் இருக்க வேண்டும். இதுவே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போனால் தீவிர சுவாசத் தொற்று. வீட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள் என்பதால், "மேலு சுட்டுச்சு" என்று சொன்னாலும் காய்ச்சல் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அளந்ததா, தொட்டுப் பார்த்ததா என்பதற்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

இருமல் என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். மதுரையில் ஐப்பசி, கார்த்திகையில் டெங்குவும் சேர்ந்து வரும். அதிலும் காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் உண்டு. இருமலைக் கேட்காமல் காய்ச்சலை மட்டும் எண்ணினால் கொசுவால் வந்ததும் மூச்சால் வந்ததும் ஒரே கூடையில் விழுந்துவிடும்.

இந்த வரையறை எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஃப்ளூயன்சா, கொரோனா, ஆர்.எஸ்.வி., அடினோ, ரைனோ என்ற சுவாச வைரஸ்கள் எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும். எது என்று அறிகுறியால் சொல்ல முடியாது. தொற்றியும் காய்ச்சலே வராதவர்களை இது தவறவிடும். வயதானவர்களுக்கு வெறும் அசதியும் மூச்சுவாங்கலும் மட்டும் இருக்கலாம். நீங்கள் எடுக்கப்போவது சளிக்காய்ச்சலின் பரவல். எந்த வைரஸ் என்பதைப் படி 7இல் பார்ப்போம்.

படி 3: ஏற்கெனவே இருக்கும் கணக்கைப் பாருங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளி பதிவேடு, பள்ளி வருகைப் பதிவு, தெருவில் உள்ள மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை" கேட்டு வருபவர்களின் எண்ணிக்கை, இந்த மூன்றையும் வாரவாரம் குறித்தாலே ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். அரசிடம் 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் அறிகுறியை வைத்தும், மருத்துவர் சந்தேகத்தை வைத்தும், ஆய்வகம் உறுதியானதை வைத்தும் தனித்தனியாக அறிக்கை அனுப்புகிறார்கள். உங்கள் ஊர் நர்சம்மாவிடம் பேசினால் பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிடும்.

ஆனால் இவற்றில் எதுவும் பரவல் விகிதம் ஆகாது. ஏன் என்பதற்கு பெரியாஸ்பத்திரியையே எடுத்துக்கொள்வோம். அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு மதுரைக்காரர்கள் மட்டுமா வருகிறார்கள்? ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி, திண்டுக்கல் என்று சுற்றுவட்டாரமே வருகிறது. அங்கே சேர்ந்த நோயாளிகளை மேலே போட்டு, 2011 கணக்குப்படி மதுரை மாவட்டத்தின் 30,38,252 பேரைக் கீழே போட்டு வகுத்தால், மேலே இருப்பவர்களில் பலர் கீழே இல்லாதவர்கள். மறுபக்கம், மதுரையிலேயே தனியார் மருத்துவரிடம் போனவரும் கசாயம் குடித்துப் படுத்துக்கொண்டவரும் மேலே வரவே இல்லை. மேலே நிற்பவர் ஒவ்வொருவரும் கீழே இருக்கும் கூட்டத்திலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். இது ஒன்று பிசகினால் அடுத்து எத்தனை கணக்குப் போட்டும் பயனில்லை.

பாசிட்டிவ் சதவீதம் என்று சொல்வதும் இப்படித்தான். ஒரு வாரம் 50 பேரைச் சோதித்து 10 பேருக்கு இருந்தால் 20 சதவீதம். அடுத்த வாரம் முகாம் போட்டு 200 பேரைச் சோதித்து 24 பேருக்கு இருந்தால் 12 சதவீதம். நோயாளிகள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டார்கள், சதவீதமோ இறங்கிவிட்டது. இரண்டில் எதுவும் ஊரின் நிலை இல்லை. யாரைச் சோதிக்கிறோம் என்ற விதி மாறாமல் இருந்தால் மட்டும் ஏற்ற இறக்கத்தை நம்பலாம்.

படி 4: வீடுகளைத் தேர்ந்தெடுப்பது

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நின்று வருவோர் போவோரைக் கேட்டால் ஒரே நாளில் 500 பேர் கிடைப்பார்கள். ஆனால் அவர்களில் பாதிப் பேர் வெளியூர், காய்ச்சலில் படுத்திருப்பவரோ பஸ் ஏறவே மாட்டார். தெரிந்த வீடுகளுக்கு மட்டும் போவதும் இதே கோளாறுதான். ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாக வாய்ப்பு இருக்க வேண்டும், அந்த வாய்ப்பு எவ்வளவு என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கான வழி இது. தெருக்களையும் அவற்றின் மக்கள்தொகையையும் எழுதுங்கள். உதாரணமாக ஆறு தெருக்கள்: 420, 180, 960, 300, 540, 600 பேர். ஒவ்வொன்றையும் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 420, 600, 1,560, 1,860, 2,400, 3,000. மூன்று தெருக்கள் வேண்டுமென்றால் 3,000ஐ மூன்றால் வகுங்கள், இடைவெளி 1,000. இப்போது 1 முதல் 1,000க்குள் ஓர் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 350 வந்தது என்போம். 350ஆவது ஆள் முதல் தெருவில் இருக்கிறார். 1,350ஆவது ஆள் மூன்றாவது தெருவில். 2,350ஆவது ஆள் ஐந்தாவது தெருவில். இந்த மூன்று தெருக்களும் உங்கள் தொகுதிகள். பெரிய தெருவுக்கு அதிக வாய்ப்பு, சின்னத் தெருவுக்குக் குறைந்த வாய்ப்பு என்று சரியாகப் பங்கிடப்பட்டுவிட்டது. ஒவ்வொரு தெருவிலும் ஒரே எண்ணிக்கையில் ஆட்களை எடுத்தால், ஊரில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வாய்ப்பு கிடைக்கும். இது விளக்கத்துக்கான சின்னக் கணக்கு, உண்மையில் 30 தொகுதிகளாவது வைத்துக்கொள்வதுதான் உலகெங்கும் பழக்கம்.

தெருவுக்குள் முதல் வீட்டைச் சீட்டுப் போட்டு எடுங்கள், அதிலிருந்து இத்தனை வீடுகளுக்கு ஒன்று என்று போங்கள். வீட்டில் எல்லாரையும் பற்றிக் கேட்டு எழுதலாம். ஒருவரை மட்டும் பரிசோதிப்பதாக இருந்தால் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை எழுதி மறுபடி சீட்டுக் குலுக்குங்கள். "நான் வர்றேன்" என்று தானாக முன்வருகிறவரை எடுத்தால், இருமிக்கொண்டிருப்பவர்தான் பெரும்பாலும் முன்வருவார்.

மாவட்டம் முழுக்கச் செய்வதாக இருந்தால், மாநகராட்சியின் 100 வார்டுகளையும் 13 ஊராட்சி ஒன்றியங்களையும் தனித்தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். 2020 கணக்கெடுப்பில் ஆன்டிபாடி இருந்தவர்கள் தமிழ்நாட்டின் நகரங்களில் 36.9 சதவீதம், கிராமங்களில் 26.9 சதவீதம் என்று வந்தது. மாவட்டங்களுக்கு இடையே நீலகிரியில் 11.1, பெரம்பலூரில் 51.0 என்று இன்னும் பெரிய இடைவெளி. நகரத்தையும் கிராமத்தையும் கலந்து ஒரே எண்ணாகச் சொன்னால் நகரத்துச் செல்லூருக்கும் சரியாக இருக்காது, கிராமப்புறச் சேடப்பட்டிக்கும் சரியாக இருக்காது.

படி 5: எத்தனை பேரைக் கேட்க வேண்டும்?

எதிர்பார்க்கும் விகிதத்தையும், அந்த விகிதம் போக மீதியையும் பெருக்குங்கள். அதை 3.84ஆல் (95 சதவீத உறுதிக்கான நிலையான எண்) பெருக்கி, நீங்கள் ஏற்றுக்கொள்ளும் பிழையின் வர்க்கத்தால் வகுங்கள். 10 சதவீதம் இருக்கும் என்று நினைக்கிறோம், 3 சதவீதம் கூடக் குறையலாம் என்றால்: 0.10 × 0.90 × 3.84 ÷ 0.0009 = 384 பேர்.

ஊர் எவ்வளவு பெரிது என்பது இதில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 20,000 பேர் உள்ள பேரூராட்சிக்கும் 30 லட்சம் பேர் உள்ள மாவட்டத்துக்கும் ஏறக்குறைய அதே 384தான். பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே கொதிநிலையில் இருப்பதால் சரி. ஊர் அப்படி இல்லை. வைரஸ் ஒரு வீட்டில் நுழைந்தால் அங்கே நாலு பேருக்கும், பக்கத்து வீட்டுக்கும் போகும். அடுத்த தெரு சுத்தமாக இருக்கும். ஒரே தெருவில் 30 பேரைக் கேட்டால் 30 தனித்தனிச் செய்திகள் கிடைப்பதில்லை. இதற்காக எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு 0.05 என்று வைத்தால், தொகுதிக்கு 30 பேர் எடுக்கும்போது 1 + 29 × 0.05 = 2.45 மடங்கு ஆள் தேவை. தொகுதிக்கு 10 பேர் மட்டும் எடுத்தால் 1 + 9 × 0.05 = 1.45 மடங்கு போதும். 384 என்பது முதல் வழியில் 941 ஆகிறது, இரண்டாவது வழியில் 557தான். நடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. அதிகத் தெருக்கள், தெருவுக்குக் குறைந்த ஆட்கள். களத்துக்குப் போகும் மாணவர்களிடம் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது ஒன்றுதான்.

படி 6: வாசலில் நிற்கும்போது

கணக்கெடுப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் நேரம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகைப்பூ எடுக்கிறவர்கள் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இருப்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கிளம்பினால் மதியத்துக்கு மேல்தான் வீடு. நகரத்திலோ கடை, கம்பெனி என்று இரவு எட்டு மணி ஆகிவிடும். காலை 11 மணிக்குப் போனால் தாத்தா, பாட்டிகளையே பார்த்துவிட்டு வருவீர்கள். மாலை ஆறரை மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் போங்கள்.

பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் ஆசை எல்லாருக்கும் வரும். கூடாது. வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போங்கள். மூன்று முறையும் பூட்டியிருந்தால் "பூட்டிய வீடு" என்று எழுதுங்கள். ஊருக்குப் போயிருக்கிறார்களா, ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களா என்று பக்கத்து வீட்டில் கேட்டுக் குறியுங்கள். காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தால், நீங்கள் தேடி வந்த ஆளையே விட்டுவிட்டுப் போகிறீர்கள். மறுத்தவர்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

கேட்கும் விதத்தில் நிறைய இருக்கிறது. "வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல் இருக்காம்மா?" என்று கேட்டுப் பாருங்கள், "அதெல்லாம் ஒண்ணும் இல்லத்தா" என்று பதில் வரும். கொரோனாக் காலத்தில் தெருவை அடைத்ததும் தகரம் அடித்ததும் யாருக்கும் மறக்கவில்லை. இப்படிக் கேளுங்கள்: "போன பிரதோஷத்துக்கு அப்புறம் வீட்டுல யாருக்காச்சும் மேலு சுட்டுச்சா? இருமுனாங்களா? ஒவ்வொருத்தரா சொல்லுங்கம்மா." இப்போது வரும்: "சின்னவனுக்கு ரெண்டு நாளு மேலு சுட்டுச்சு, கசாயம் வச்சுக் குடுத்தேன், சரியாப் போச்சு." "இருமல்?" "அது இன்னும் இருக்கு, ராத்திரியானா லொக்கு லொக்குன்னு." இந்தப் பையன் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவன். இவனுக்காகத்தான் இத்தனை நடையும்.

பத்து நாள் என்று சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது. அமாவாசை, பிரதோஷம், ரேஷன் போட்ட நாள், பள்ளிப் பரீட்சை என்று உங்கள் பத்து நாளுக்கு அருகில் வரும் ஒரு நாளை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கேளுங்கள், பொதுவாகக் கேட்டால் வேலைக்காரப் பையனும் மாடியில் இருக்கும் மாமியாரும் விடுபடுவார்கள்.

தொடங்கும் முன் யார், எதற்கு வந்திருக்கிறோம், பெயர் எங்கும் வெளியே போகாது, மறுக்கலாம் என்பதைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு திண்ணையிலோ வாசலிலோ நின்றே பேசுங்கள். மூச்சுத்திணறல், ஒரேயடியான மயக்கம், தாய்ப்பால் குடிக்காத குழந்தை இப்படி யாரையாவது பார்த்தால் கணக்கெடுப்பு அங்கேயே நிற்கட்டும், 108க்குக் கூப்பிடுங்கள்.

படி 7: எந்த வைரஸ்?

அறிகுறி இருந்தவர்களில் சிலரிடமும், இல்லாதவர்களில் சிலரிடமும் பயிற்சி பெற்றவர்கள் மூக்கு, தொண்டையிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். இன்ஃப்ளூயன்சாவுக்கு நோய் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாளில் எடுப்பது நல்லது, ஒரு வாரம் தாண்டினால் பெரியவர்களிடம் பெரும்பாலும் வைரஸ் அகப்படாது. மாதிரிக் குழாய் 2 முதல் 8 டிகிரிக்குள் ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். மதுரை மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வகம் இருப்பதால் இங்கே தூரம் ஒரு பிரச்சினை இல்லை. சித்திரை வெயிலில் ஐஸ் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றுவதுதான் பிரச்சினை. பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும்.

படி 8: பரிசோதனையின் தவறைக் கழிப்பது

எந்தப் பரிசோதனைக்கும் இரண்டு குணங்கள் உண்டு: இருப்பவரை இருக்கிறது என்று சொல்லும் திறன், இல்லாதவரை இல்லை என்று சொல்லும் திறன். முதலாவது 80 சதவீதம், இரண்டாவது 98 சதவீதம் உள்ள ஒரு கிட்டை எடுத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை 1,000 பேரிடம் பயன்படுத்துகிறோம், உண்மையில் 10 பேருக்குத்தான் தொற்று.

அந்த 10 பேரில் 8 பேர் பாசிட்டிவ். தொற்று இல்லாத 990 பேரில் 2 சதவீதம், அதாவது 20 பேரும் பாசிட்டிவ். மொத்தம் 28. பரவல் 2.8 சதவீதம் என்று அறிக்கை போகும், உண்மை 1 சதவீதம். பாசிட்டிவ் வந்த 28 பேரில் 20 பேருக்குத் தொற்றே இல்லை!

வைரஸ் குறைவாக இருக்கும்போது இரண்டாவது திறன்தான் உயிர்நாடி. 2020 மே–ஜூனில் 0.73 சதவீதம் என்ற மிகச் சிறிய எண்ணைத் தேடியபோது, ஒரு கிட்டில் பாசிட்டிவ் வந்த ரத்தத்தை இன்னொரு கிட்டிலும் சோதித்தது இதற்காகத்தான்.

திருத்தும் வழி: பார்த்த விகிதத்தோடு இரண்டாவது திறனைக் கூட்டி 1ஐக் கழியுங்கள். அதை, இரண்டு திறன்களையும் கூட்டி 1ஐக் கழித்து வருவதால் வகுங்கள். மேலே சொன்னதில்: (0.028 + 0.98 − 1) ÷ (0.80 + 0.98 − 1) = 0.008 ÷ 0.78, ஏறத்தாழ 0.01. உண்மையான 1 சதவீதம் திரும்பக் கிடைத்துவிட்டது. விடை பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் திகைக்க வேண்டாம், நீங்கள் பார்த்த பாசிட்டிவ் அத்தனையும் கிட்டின் தவறாகவே இருக்கலாம் என்று பொருள். கிட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் திறன் பெரும்பாலும் நோய் முற்றியவர்களிடம் பார்த்தது. அறிகுறி இல்லாதவர்களிடம் ரேபிட் கிட்டின் முதல் திறன் நன்றாகவே குறையும்.

படி 9: வயதுக்கு ஏற்ப எடை

ஒரு கிராமத்தில் பிள்ளைகள் 20 சதவீதம், நடுவயதினர் 65, முதியவர்கள் 15 சதவீதம் என்போம். பகலில் போனதால் உங்களுக்குக் கிடைத்த 200 பேரில் பிள்ளைகள் 20, நடுவயதினர் 80, முதியவர்கள் 100. சளிக்காய்ச்சல் இருந்தவர்கள் முறையே 6, 8, 5. மொத்தம் 19, அதாவது 9.5 சதவீதம்.

இப்போது ஒவ்வொரு வயதினரின் விகிதத்தையும் ஊரில் அவர்களுடைய பங்கால் பெருக்குங்கள். பிள்ளைகளில் 30 சதவீதம் × 0.20 = 6. நடுவயதினரில் 10 சதவீதம் × 0.65 = 6.5. முதியவர்களில் 5 சதவீதம் × 0.15 = 0.75. கூட்டினால் 13.25 சதவீதம். பள்ளிக்கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்த வைரஸ் முதல் கணக்கில் மறைந்திருந்தது. ஆண், பெண் வித்தியாசத்துக்கும் இதையே செய்யலாம்.

படி 10: கூடக் குறைய எவ்வளவு?

400 பேரில் 40 பேர் என்றால் 10 சதவீதம். அதன் பிழை எல்லை சுமார் 3 சதவீதம், தெருத் தெருவாக எடுத்ததால் படி 5இல் பார்த்த மடங்கு 2 என்று வைத்தால், அதன் வர்க்கமூலமான 1.41ஆல் பெருக்கி சுமார் 4.2 சதவீதம். ஆகவே உண்மை 6க்கும் 14க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. போன மாதம் 8, இந்த மாதம் 10 என்று வந்தால் ஏறிவிட்டது என்று தண்டோரா போடாதீர்கள்.

யாருக்குமே இல்லை என்று வந்தால்? மூன்றை, கேட்டவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 300 பேரைப் பார்த்து ஒருவருக்கும் இல்லை என்றால், ஊரில் 1 சதவீதம் வரைகூட இருக்கலாம். 3,000 பேர் உள்ள ஊரில் அது 30 பேர். இந்தக் கணக்கு, ஆட்கள் ஒருவரையொருவர் சாராமல் தேர்வானவர்கள் என்று வைத்துப் போட்டது. தெருத் தெருவாக எடுத்திருந்தால் மேல் எல்லை இன்னும் கூடும்.

படி 11: எப்போது திரும்பப் போவது?

ஒரு முறை எடுத்தது ஒரு நாளின் நிலைதான். வடக்கே பல இடங்களில் இன்ஃப்ளூயன்சா தென்மேற்குப் பருவமழையோடு ஏறும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏறுவது வழக்கம். எனவே செப்டம்பரில் ஒரு முறை அடிப்படைக் கணக்கு எடுத்து வையுங்கள். அப்புறம் மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே முறையில், அதே கேள்விகளோடு எடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு முன்னும், பத்து நாள் கழித்தும் ஒரு முறை எடுப்பதும் பயனுள்ளது. வெளியூர் சனம் லட்சக்கணக்கில் வந்து கலையும் இடம் அது. கேள்வியை நடுவில் "மேம்படுத்த" வேண்டாம், மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

கழிவுநீரில் வைரஸைத் தேடும் முறையும் உண்டு. யாரையும் தொந்தரவு செய்யாமல், பரிசோதனைக்கு வராதவர்களையும் சேர்த்துக் காட்டும். ஆனால் மதுரையில் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் பல தெருக்கள் செப்டிக் டேங்கையே நம்பியிருக்கின்றன. அந்த வீடுகள் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் வராது. ஏற்ற இறக்கம் பார்க்க அது உதவும், சதவீதம் சொல்ல உதவாது.

படி 12: எழுதிக் கொடுப்பது

அறிக்கையில் ஒரு வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "நவம்பர் 3 முதல் 9 வரை, 56 தொகுதிகளில் தேர்ந்தெடுத்த 557 பேரில் 512 பேரைப் பற்றி விவரம் கிடைத்தது, 31 பேரின் வீடுகள் பூட்டியிருந்தன, 14 பேர் மறுத்தனர், வயதுக்கு ஏற்பத் திருத்தியபின், கடந்த 10 நாளில் காய்ச்சலும் இருமலும் இருந்தவர்கள் 13 சதவீதம், எல்லை 9 முதல் 17 வரை." தேதி, எண்ணிக்கை, விடுபட்டவர்கள், வரையறை, எல்லை ஆகிய ஐந்தும் இல்லாத எந்த எண்ணையும், அது யார் சொன்னதானாலும், நான் பயன்படுத்த மாட்டேன்.

கிராமம் என்றால் வட்டார மருத்துவ அலுவலருக்கு, மாநகராட்சி என்றால் நகர்நல அலுவலருக்கு ஒரு பிரதி கொடுங்கள். ஊர் மக்களுக்கும் சொல்லுங்கள், தகவல் கொடுத்தவர்கள் அவர்கள்தானே. ஆனால் தெருப் பெயர் போட்டுச் சொல்ல வேண்டாம். பத்து வீடு உள்ள தெருவில் "மூன்று பேருக்கு" என்றாலே யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், அடுத்த முறை அந்த வாசலில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். பெயர் எழுதிய தாளையும் விடை எழுதிய தாளையும் தனித்தனியாக வைத்து, நடுவில் ஓர் எண்ணை மட்டும் இணைப்பாக வையுங்கள். பெயர்த் தாள் ஒருவர் பொறுப்பில், பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். அதைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை என்பதைக் களத்துக்குக் கிளம்பும் அன்றே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.